50 மீட்டரா, 100 மீட்டரா? – வாசகர் கேள்வி பதில்

கல்லூரி வளாகங்களில் மதுத்தடை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இந்த இதழில்.

ஏனுங்க, எங்க கல்லூரி கேட்டுக்கு எதிர்ச் சந்துல டாஸ்மாக் கடை இருக்குதுங்க. 100 மீட்டர் தள்ளி இருக்கோணும்னு ஒருத்தர் சொல்றாரு, 50 போதும்னு இன்னொருத்தர் சொல்றாரு. எது சரிங்க? மனுவை யார்கிட்டக் கொடுக்கறது?
– பேராசிரியர், சரவணம்பட்டி

இருவர் சொல்வதும் சரிதான். தமிழ்நாடு மதுபானச் சில்லறை விற்பனை விதிகள் 2003-இன்படி மாநகராட்சி, நகராட்சி எல்லைக்குள் கல்வி நிலையத்துக்கும் வழிபாட்டுத் தலத்துக்கும் 50 மீட்டருக்குள் கடை வைக்கக் கூடாது. மற்ற இடங்களில், அதாவது பேரூராட்சியிலும் ஊராட்சியிலும், 100 மீட்டர். சரவணம்பட்டி கோவை மாநகராட்சிக்குள் வருகிறது, அதனால் உங்களுக்கு 50. இதே கல்லூரி மாநகராட்சி எல்லை தாண்டி ஊராட்சிக்குள் இருந்திருந்தால் 100 கேட்டிருக்கலாம்.

புகையிலைக்கு வேறு கணக்கு. பள்ளி, கல்லூரியைச் சுற்றி 100 கெஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், பீடி சிகரெட் விற்கக் கூடாது என்பது 2003-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம். இந்த நூறையும் அந்த நூறையும் குழப்பி மனு எழுதுகிறவர்கள் நிறையப் பேர். தப்பான விதியைச் சுட்டிய மனுவைத் தள்ளிவிட அதிகாரிக்கு ஒரு வரி போதும்.

மனு தோற்கும் இன்னொரு இடம் நில வகைப்பாடு. திட்டக் குழுமம் 'வணிகம்' அல்லது 'தொழில்' என்று வகைப்படுத்திய பகுதியில் இந்தத் தூரக் கட்டுப்பாடு பொருந்தாது. ஆகவே டேப்பை எடுப்பதற்கு முன்னால் கடை இருக்கும் சர்வே எண்ணைத் தெரிந்துகொண்டு, உள்ளூர் திட்டக் குழும அலுவலகத்தில் அந்த எண்ணின் நிலப் பயன்பாட்டை எழுத்தில் வாங்குங்கள். 'குடியிருப்பு' என்று வந்தால் உங்கள் கை ஓங்கியது. 'வணிகம்' என்று வந்தால் தூரத்தை விட்டுவிட்டு, நெரிசல், பெண்கள் விடுதி வழி, பாருக்கு வெளியே நடக்கும் குடி என்று வேறு காரணங்களில் நில்லுங்கள்.

பிறகு அளவு. கல்லூரி கேட்டிலிருந்து கடை வாசல் வரை ஆள் நடந்து போகும் வழியில் டேப் போட்டு அளந்து, டேப்பின் எண் தெரிகிற மாதிரிப் படம் எடுங்கள். கூகுள் வரைபடத்தில் கோடு இழுத்துக் காட்டினால் எடுபடாது. கடைப் பலகையில் உள்ள கடை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கடை முந்தியா கல்லூரி முந்தியா என்ற கேள்வி கட்டாயம் வரும். கல்லூரியின் முதல் இணைப்பு ஆணை நகலை இப்போதே இணைத்துவிடுங்கள்.

மனு மாவட்ட ஆட்சியருக்கு, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில். நகல்கள் உதவி ஆணையருக்கும் (கலால்) டாஸ்மாக் மாவட்ட மேலாளருக்கும். மனு எண் இல்லாமல் திரும்பி வராதீர்கள். அதே வாரம் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்தக் கடைக்கு இடம் அனுமதித்த கோப்பின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். பின்னால் உயர் நீதிமன்றம் போக நேர்ந்தால் வக்கீல் முதலில் கேட்பது இந்தக் காகிதத்தைத்தான்.

நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டர் என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15 அன்று சொன்னதையும் சிலர் எழுதுகிறார்கள். 20,000 பேருக்கு மேல் இல்லாத ஊர்களில் அது 220 மீட்டராகக் குறைந்தது. நகர எல்லைக்குள் அது பொருந்தாது என்று 2017 ஜூலையில் அதே நீதிமன்றம் விளக்கிவிட்டது. உங்கள் சரவணம்பட்டிக் கடைக்கு அதைச் சொல்லிப் பயனில்லை.

மறியல் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு சொல். 2017 ஏப்ரலில் சாமளாபுரத்தில் கடைக்கு எதிராகப் போராடிய பெண்ணைக் காவல் அதிகாரி அறைந்த காட்சியை மாநிலமே பார்த்தது. மாணவர்களை முன்வரிசையில் நிறுத்தாதீர்கள். ஒரு முதல் தகவல் அறிக்கையில் பெயர் ஏறினால் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும் நாளில் அது எதிரே வந்து நிற்கும்.

சுத்த மதுவிலக்கு முதன்முதலா நம்ம பக்கத்துலதான் வந்துச்சுன்னு சொல்றாங்களே, நெசமா?
– ராசிபுரம் வாசகர்

நிஜம். 1937-இல் சென்னை மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜி மதுவிலக்குச் சட்டம் கொண்டுவந்து, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில்தான் அமல்படுத்தினார். உங்கள் ராசிபுரமும் நாமக்கல்லும் அப்போது சேலத்துக்குள் இருந்தவை. மாகாணம் முழுமைக்கும் 1948-இல் விரிந்தது, 1971-இல் தளர்ந்தது. இன்று கள்ளச்சாராயத்துக்கு வழக்குப் போடுவதும் அதே 1937 சட்டத்தின் கீழ்தான்.

நான் ஆண்கள் விடுதிக் காப்பாளர். ராத்திரி 12 மணிக்கு ஒரு பையனை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து, "தூங்கினாச் செரியாயிருமுங்க சார்" என்கிறார்கள். அப்போது என்ன செய்ய வேண்டும்?
– திருச்செங்கோடு

அந்த வாக்கியத்தை மட்டும் நம்பாதீர்கள். குடியை நிறுத்திய பிறகும் வயிற்றில் கிடப்பது இரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். 12 மணிக்கு உளறிக்கொண்டிருந்தவன் 1 மணிக்கு மூச்சுத் திணறும் நிலைக்குப் போகலாம். மல்லாந்து படுத்தவன் வாந்தி எடுத்து, அது மூச்சுக்குழலில் இறங்கிச் சாவதுதான் விடுதிகளில் பயப்பட வேண்டியது.

முதலில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். தோளைத் தட்டுங்கள். கண் திறந்து பதில் சொன்னால் ஒருவர் கூடவே உட்கார்ந்து பார்க்கலாம். எழுப்பியும் எழவில்லை என்றால் 108. கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 8-க்குக் குறைந்தாலோ, இரண்டு மூச்சுக்கு நடுவே 10 விநாடிக்கு மேல் இடைவெளி விழுந்தாலோ, உதடும் நகமும் நீலம் பாய்ந்தாலோ, உடம்பு சில்லிட்டாலோ, வலிப்பு வந்தாலோ, தலையில் அடிபட்டிருந்தாலோ 108. இதில் ஒன்று இருந்தாலே போதும், எல்லாம் சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

வண்டி வரும்வரை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மேல்கால் முழங்காலை மடக்கி முன்னால் ஊன்றி விடுங்கள், புரண்டு மல்லாக்க விழாது. மேல்கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுத்து, வாய் தரையைப் பார்க்கும்படி முகத்தைச் சற்றுச் சாய்த்து வையுங்கள். போர்வை போர்த்துங்கள். ஊட்டிக்கோ ஏற்காட்டுக்கோ சுற்றுலா போன இடம் என்றால் போர்வை இன்னும் முக்கியம். போதை உடம்புச் சூட்டை வேகமாக இறக்கும், போதையில் இருப்பவனுக்கோ குளிரே தெரியாது.

செய்யக் கூடாதவை நம் ஊரில் எல்லோரும் செய்பவை. மோர், எலுமிச்சைச் சாறு, கட்டன் காபி எதுவும் போதையை இறக்காது. அரைமயக்கத்தில் வாயில் ஊற்றியது நுரையீரலுக்குப் போகும். விரல் விட்டு வாந்தி எடுக்க வைப்பதும் அப்படியே. குழாயடியில் உட்கார வைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றினால் வழுக்கி விழுவான், உடம்பும் குளிர்ந்துவிடும். அறைக்குள் தனியாகப் போட்டுக் கதவைச் சாத்துவது எல்லாவற்றையும்விட மோசம்.

மருத்துவரிடம் மூன்று விஷயங்கள் சொல்ல வேண்டும். என்ன குடித்தான், எவ்வளவு, எத்தனை மணிக்கு. கூடவே மாத்திரை ஏதாவது போட்டானா என்பதையும் நண்பர்களைத் தனித்தனியாகக் கேட்டுவிடுங்கள். வலி மாத்திரையோ தூக்க மாத்திரையோ சேர்ந்திருந்தால் மூச்சு இன்னும் சீக்கிரம் அடங்கும். பாட்டில் கிடைத்தால் அதையும் கொடுத்தனுப்புங்கள். கடைச் சரக்கு இல்லை, யாரோ கொடுத்தது என்று தெரிந்தால் பையன் நன்றாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மெத்தனால் என்ற விஷ ஆல்கஹால் கலந்திருந்தால் 12 முதல் 24 மணி நேரம் கழித்துத்தான் கண் மங்கும், வயிறு வலிக்கும், மூச்சு வாங்கும். அதற்குள் சிகிச்சை தொடங்கிவிட்டால் கண்ணைக் காப்பாற்ற வழி உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் செத்தவர்கள் குடித்தது மெத்தனால் கலந்த சாராயம்.

அந்த நாலு பேரும் உங்களிடம் கொண்டுவந்தார்களே, அதுவே பெரிது. பெரும்பாலான விடுதி விதிகளில் 'மது அருந்தினால் நீக்கம்' என்று ஒரே வரி இருக்கும். அதைப் படித்தவன் நண்பனைத் தூக்கிக்கொண்டு காப்பாளர் அறைக்கு வர மாட்டான், மொட்டை மாடிக்குத்தான் போவான். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மருத்துவ உதவி கேட்டு அழைத்தவர் மீதும் யாருக்காக அழைத்தாரோ அவர் மீதும் அந்த நிகழ்வுக்காகத் தண்டனை இல்லை என்று ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். உங்கள் விதிப் புத்தகத்தில் நுழைக்க இரண்டு வரி போதும்: "உயிருக்கு ஆபத்து எனக் கருதி உதவி கேட்கும் மாணவர் மீதும், உதவி பெறும் மாணவர் மீதும் அந்த ஒரு நிகழ்வுக்காக ஒழுங்கு நடவடிக்கை இராது. ஆலோசகரைச் சந்திப்பது மட்டும் கட்டாயம்." நிர்வாகம் முணுமுணுக்கும். எழுதிக் கொடுத்துப் பாருங்கள்.

விடுதி வாசல்ல ஊதச் சொல்லி மெஷின் வெச்சிருக்காங்க. நான் குடிக்கறதே இல்லை. சளிக்கு அரிஷ்டம் குடிச்சேன், மெஷின் கத்திருச்சு. இப்ப என்னைக் குடிகாரன்கறாங்க.
– மாணவர், குனியமுத்தூர்

நீங்கள் சொல்வது நடக்கக்கூடியதுதான். அரிஷ்டமும் ஆசவமும் புளிக்க வைத்துச் செய்பவை, 5 முதல் 10 சதவீதம் வரை ஆல்கஹால் தானாகவே உண்டாகியிருக்கும். குடித்த உடனே வாயில் ஒட்டியிருப்பது நேராகக் கருவிக்குள் போகும். கருவி அதை நுரையீரலிலிருந்து வந்த காற்று என்று எடுத்துக்கொண்டு பெரிய எண்ணாகக் காட்டும். சில வாய்கழுவும் திரவங்களும் இருமல் மருந்துகளும் இப்படித்தான்.

கணக்குப் பார்ப்போம். 20 மில்லி அரிஷ்டத்தில் 8 சதவீதம் என்றால் 1.6 மில்லி, எடையில் சுமார் 1.3 கிராம் ஆல்கஹால். 65 கிலோ ஆளின் இரத்தத்தில் அது 100 மில்லிக்கு 3 மில்லிகிராம் அளவுக்குக்கூட ஏறாது. வண்டி ஓட்டச் சட்டம் வைத்த வரம்பே 30. ஆகவே தண்ணீரில் வாய் கொப்பளித்து 15 நிமிடம் எதுவும் சாப்பிடாமல் இருந்து மறுபடி ஊதினால் கருவி சுழியத்துக்கு வந்துவிடும். உண்மையில் குடித்தவருக்கு அந்த 15 நிமிடத்தில் எண் பெரிதாக மாறாது. இரண்டாவது ஊதல் இல்லாத சோதனையைச் சோதனை என்றே சொல்ல முடியாது.

நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள்: கருவி கடைசியாக எப்போது அளவு சரிபார்க்கப்பட்டது, ஒவ்வொருவருக்கும் புது ஊதுகுழல் போடுகிறார்களா, எந்த எண்ணுக்கு மேல் குற்றம் என்று வைத்திருக்கிறார்கள், இரண்டு அளவையும் நேரத்தோடு பதிவேட்டில் எழுதுகிறார்களா. மருந்துச் சீட்டும் பாட்டிலும் கையில் இருக்கட்டும்.

இதே கணக்கை நிஜமாகக் குடிப்பவர்களுக்கும் சொல்லிவிடலாம். ஒரு குவாட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம். அதில் 61 கிராம் ஆல்கஹால். வேகமாகக் குடித்தால் அதே 65 கிலோ ஆளுக்கு இரத்தத்தில் 135 மில்லிகிராம் அளவுக்கு ஏறும். மணிக்கு சுமார் 15 இறங்கும். முழுக்க இறங்க 9 மணி நேரம். இரவு 11-க்கு ஆஃப் பாட்டிலை முடித்தவன் காலை 8-க்கு "இறங்கிருச்சு மாப்ள" என்று பைக்கை எடுக்கும்போது இரத்தத்தில் இன்னும் 150 வரை இருக்கும், வரம்பைப்போல் 5 மடங்கு. அவினாசி ரோட்டில் ஊதச் சொன்னால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இரண்டும்கூட விதிக்கலாம்.

என் மகன் அறையில் பீர் பாட்டில் கிடைத்ததாகச் சொல்லி நால்வரையும் மூன்று வாரம் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். வாயால்தான் சொன்னார்கள். வேறு கல்லூரிக்குக் கூட்டிப் போகலாம் என்றால் பிளஸ் டூ சான்றிதழைத் தர மறுக்கிறார்கள்.
– ஒரு தாய், கோபி

மூன்று வாரத்தைவிட அதனால் குறையும் வருகைப் பதிவுதான் ஆபத்து, அதை முதலில் பாருங்கள். பருவத்துக்கு 90 வேலை நாள், 75 சதவீதம் கட்டாயம் என்றால் 22 நாள்தான் விடலாம். மூன்று வாரம் 15 முதல் 18 நாளைத் தின்றுவிடும். ஏற்கெனவே காய்ச்சல், கோயில் நோன்பி என்று ஒரு வாரம் போயிருந்தால் தேர்வு எழுத முடியாது. ஒரு பாட்டிலுக்குக் கொடுத்த தண்டனை ஓர் அரையாண்டாகிவிடும். ஆகவே இன்றைக்கே முதல்வருக்குக் கடிதம்: இடைநீக்க நாட்களை வராத நாட்களாகக் கணக்கிடக் கூடாது, உள்தேர்வு எழுத அனுமதிக்க வேண்டும். தபாலில் பதிவஞ்சல், கூடவே மின்னஞ்சல்.

அதே கடிதத்தில் எழுத்துப்பூர்வ ஆணை கேளுங்கள். எந்த விதி மீறப்பட்டது, பாட்டில் யார் அலமாரியில் எப்போது கிடைத்தது, யார் பார்த்தார்கள், விளக்கம் சொல்ல எத்தனை நாள் கொடுத்தார்கள். நால்வர் அறையில் கிடைத்ததற்கு நால்வரும் பொறுப்பு என்பது நிர்வாகத்துக்குச் சுலபம், ஆனால் விசாரணை இல்லாமல் அது நிற்காது. அதேசமயம், சேர்க்கையின்போது நீங்களும் மகனும் விடுதி விதிகளில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். "வெளியில் சட்டப்படி விற்கிற பொருள்தானே" என்ற வாதம் எடுபடாது. தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கவே கூடாது. இளங்கலை மாணவர் பெரும்பாலோர் அந்த வயதை எட்டாதவர்கள்.

பதில் வராவிட்டால் 2023-ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு விதிகளின்படி கல்லூரியில் இருக்க வேண்டிய மாணவர் குறைதீர்ப்புக் குழுவுக்குப் போங்கள். 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். அதிலும் திருப்தி இல்லை என்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழக அளவிலான குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு. ஈரோடு மாவட்டக் கலை அறிவியல் கல்லூரி என்றால் அது பாரதியார் பல்கலைக்கழகம். அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று மானியக் குழு 2018-லேயே அறிவித்துவிட்டது. சரிபார்த்து நகல் எடுத்துக்கொண்டு அசலைத் திருப்பித்தர வேண்டும். இந்த ஒன்றுக்கு மட்டும் வக்கீல் நோட்டீஸே போதும்.

சீனியருங்க எங்ககிட்டக் காசு வாங்கிச் சரக்கு வாங்கறாங்க. சில சமயம் எங்களையே வாங்கிட்டு வரச் சொல்றாங்க. இது ராகிங்ல வருமா?
– முதலாண்டு மாணவர், பெருந்துறை

வரும். 2009-ஆம் ஆண்டு மானியக் குழு விதிகள் பணம் பறிப்பதையும் வலுக்கட்டாயமாகச் செலவு வைப்பதையும் ராகிங் என்றே சொல்கின்றன. அடித்திருக்க வேண்டும் என்பதில்லை. தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டு ராகிங் தடைச் சட்டத்தில் 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம்.

காசை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். கைபேசியில் அனுப்பியிருந்தால் அந்தப் பரிவர்த்தனைப் பட்டியலே சாட்சி. வாட்ஸ்ஆப்பில் "மூணு பீர், சீக்கிரம்" என்று வந்ததை அழிக்காமல் படம் பிடித்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். 1800-180-5522 என்பது ராகிங் புகாருக்கான 24 மணி நேர இலவச எண். கோவை மாநகரில் படிக்கும் தோழிகள் யாராவது இதே தொல்லையில் இருந்தால் அவர்கள் கல்லூரிக்கென்று ஒதுக்கப்பட்ட 'போலீஸ் அக்கா' என்ற பெண் காவலர் இருப்பார். 2022 முதல் அந்தத் திட்டம் ஓடுகிறது.

மகள் மேற்படிப்புக்கு அமெரிக்கா போகிறாள். அங்கே பீர் எல்லாம் சகஜம் என்கிறார்களே?
– திருப்பூர்

வயது வரம்பு அங்கேயும் 21தான். 1984-ஆம் ஆண்டுச் சட்டம் அதை எல்லா மாநிலங்களுக்கும் வழக்கமாக்கியது. முழு மதுத்தடை உள்ள வளாகங்களும் அங்கே நிறைய உண்டு. குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானால், தீர்ப்பு வருவதற்கு முன்பே மாணவர் விசாவை ரத்து செய்ய வாய்ப்பிருக்கிறது. அதை மட்டும் புறப்படும்முன் சொல்லி அனுப்புங்கள். பிரிட்டனில் 18. அங்கே மாணவர் சங்கமே பார் நடத்தும்.

கல்லூரித் திருவிழாவில் நீரா ஸ்டால் போடலாமா? கள்ளு என்று பிடித்துவிடுவார்களா?
– வேளாண் மாணவர்கள், பொள்ளாச்சி

தென்னம்பாளையிலிருந்து இறக்கிய சாறு புளிக்காதவரை நீரா, புளித்தால் கள். தமிழ்நாட்டில் நீராவுக்கு 2017-இல் உரிமம் வந்தது. கள்ளுக்கு 1987 முதல் தடை. நீங்கள் கேரளத்துச் சித்தூர்ப் பக்கம் பத்து மைல் தாண்டினால் அதே சாறு சட்டப்படி விற்கும் கள் (கேரளத்தில் குடிக்கும் வயது 23 என்பது வேறு விஷயம்).

பதநீர் மாதிரிச் சுண்ணாம்பு தடவி இறக்குவதில்லை என்பதால் நீராவுக்குக் குளிர் ஒன்றுதான் காவல். பாளையிலேயே ஐஸ் பெட்டி கட்டி இறக்கி, 4 டிகிரிக்கு மேல் ஏறாமல் கொண்டுவர வேண்டும். சாறில் சுமார் 15 சதவீதம் சர்க்கரை இருக்கிறது. வெயிலில் சில மணி நேரம் வைத்தாலே ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும். முதலில் நுரை கட்டும், நிறம் வெள்ளையாக மாறும், புளிப்பு வாடை வரும். மாலைக்குள் அது 4, 5 சதவீத ஆல்கஹால் உள்ள கள்.

ஆகவே உரிமம் உள்ள உற்பத்தியாளரிடம் மட்டும் வாங்குங்கள். உரிம நகலை ஸ்டாலில் ஒட்டுங்கள், முதல்வரின் அனுமதிக் கடிதம் பக்கத்தில். தெர்மாகோல் பெட்டியில் ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ ஐஸாவது போட்டு, உள்ளே தெர்மாமீட்டர் ஒன்றை வைத்துவிடுங்கள். ஜெனரேட்டர் ஃபிரிட்ஜை நம்பாதீர்கள், மேடை விளக்கு போடும்போது அதைத்தான் முதலில் பிடுங்குவார்கள். 200 மில்லி டம்ளராக ஊற்றிக் கொடுங்கள், பாட்டிலில் அடைத்து விடுதிக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம். பிற்பகல் 3 மணிக்கு மிச்சம் இருந்தால், நுரைக்கவில்லை என்றாலும் கீழே கொட்டிவிடுங்கள்.